புது சைலன்சரின் ஒட்டில் கசிவு: யமஹா ஆர்.எக்ஸ். 100இல் செய்த வேலை

யமஹா ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்களுக்கு சைலன்சர் தேடுவது ஒரு தனி வேலை. கம்பனிச் சாமான் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் உள்ளே துரு தின்று பாதி போயிருக்கும். என் பைக்கில் இருந்த பழையதும் அடிப்பக்கம் கடதாசி மாதிரி மெலிந்துவிட்டதால், கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, அதே வடிவத்தில் செய்த புது சைலன்சர் ஒன்றை வாங்கினேன். நல்ல குரோம், நல்ல பாரம். பூட்டி ஓடிய அன்றே வெல்டிங் ஒட்டில் கசிவு.

இப்படிப்பட்ட கசிவுக்கு நம்மூரில் வழக்கமான வைத்தியம், மேலே ஏதாவது பேஸ்ட்டை அப்பிவிட்டு ஓடுவதுதான். அதை நான் முழுதாக எதிர்க்கிறேன். புதுச் சாமானில் ஒட்டு கசிகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணத்தை எடுக்காமல் வாயை மட்டும் அடைத்தால், அதே இடத்தில் இல்லாவிட்டால் பக்கத்தில் வெடிக்கும்.

கிக்கை மிதித்து ஸ்டார்ட் ஆனதும் 'சட் சட்' என்று ஒரு சத்தம். சிலிண்டர் வாயில் கசிவை அடைக்கும் கஸ்கட் வளையம் சரியாக உட்காராவிட்டால் வரும் சத்தமும் இதேதான், அதனால் முதலில் அங்கேதான் பார்த்தேன். புது கஸ்கட், இறுக்கமும் சரி. எஞ்சின் சூடேறியதும் சத்தம் கொஞ்சம் அடங்கியது, ஆனால் இழுவை பழையபடி இல்லை. வேகத்தில் போய்த் திராட்டிலை விட்டால் 'டப் டப்' என்று வெடித்தது. மறுநாள் காலை குனிந்து பார்த்தால், வளைவுக் குழாய் சைலன்சரின் வயிற்றோடு சேரும் மூட்டுக்குக் கீழே கறுப்பாக ஒரு ஒயில் கோடு வடிந்திருந்தது.

ஆர்.எக்ஸ். 100 போல, பெற்றோலோடு ஒயிலும் சேர்ந்து எரியும் டூ ஸ்ட்ரோக்கில் இது ஒரு வசதி. முழுதாக எரியாத ஒயிலும் புகையோடு சேர்ந்து வருவதால், ஓட்டை எங்கே இருந்தாலும் அதுவே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் காய்ந்த கரித்தடம் மட்டும்தான் இருக்கும், அதைத் தேடிப் பிடிக்கவேண்டும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். புது சைலன்சரின் வெளியே துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய ஒயில் முதல் ஓட்டத்தில் எரிந்து புகையும். அதைக் கண்டு கசிவு என்று பயப்படத் தேவையில்லை. நன்றாகத் துடைத்துவிட்டு ஓடியபிறகும் அதே இடத்தில் ஈரம் வந்தால்தான் கசிவு.

ஒரு சின்ன ஓட்டைக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இந்த எஞ்சினின் கதையைச் சொல்லவேண்டும். 98 சிசி சிலிண்டரில் புகை போகும் பக்கத்தில் வால்வு கிடையாது. புகை போகும் துவாரம் திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாய் வழியாக ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, எரிந்த புகையை இழுத்து எடுக்கிறது. குழாய் மறுபடி ஒடுங்கும் இடத்தில் மோதும் மிச்ச அலை தள்ளும் அலையாகத் திரும்பி வந்து, வெளியே தப்பி ஓடப் பார்க்கும் பெற்றோல் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே திருப்பி அடைக்கிறது. அதாவது டூ ஸ்ட்ரோக் சைலன்சர் சத்தத்தை அடக்கும் பெட்டி மட்டும் இல்லை, எஞ்சினின் ஒரு உறுப்பு. முன்பக்க மூட்டில் ஓட்டை இருந்தால் இரண்டு அலையும் பலம் குறைந்துதான் திரும்பும். உறிஞ்சும் நேரத்தில் வெளிக்காற்றும் உள்ளே போகும், அந்த 'டப் டப்' வருவது அதனால்தான். புகைச் சோதனைக்குப் போகும்போதும் கசிவுள்ள சைலன்சரோடு போகக்கூடாது. உள்ளே போன வெளிக்காற்றும் சேர்ந்து அளக்கப்படும், கிடைக்கும் கணக்கு சரியாக இருக்காது.

கனடாவில் இருக்கும் மச்சானோடு இதைப்பற்றிக் கதைத்தபோது, அங்கே பனியில் ஓடும் ஸ்னோமொபைலிலும் இதே தொல்லை இருப்பதாகச் சொன்னார். அதிலும் பல வண்டிகள் டூ ஸ்ட்ரோக்தான், குழாயின் வடிவமும் இதே விரிந்து ஒடுங்கும் வடிவம்தான். ஆனால் அங்கே குழாய் முழுவதும் மூடிய பொனட்டுக்குள்ளே இருக்கிறது. ஒட்டில் ஓட்டை விழுந்தால் சூட்டுப் புகை பக்கத்திலுள்ள பிளாஸ்டிக்கை உருக்கும், எஞ்சின் இழுக்கும் காற்றோடும் கலந்து பலத்தைக் குறைக்கும். புதிதாக வந்த வண்டிகளில் புகைச் சூட்டை அளக்கும் சென்சர் ஒன்றும் குழாயில் இருக்கும். நமக்குக் குழாய் வெளிக்காற்றில் கிடப்பதால் அந்த ஆபத்து குறைவு. அதனாலேயே இங்கே யாரும் இதைப் பெரிதாக எடுப்பதில்லை என்று நினைக்கிறேன்.

கழற்றியதும் நேரே கடைக்குத்தான் கொண்டுபோனேன். கடைக்காரர் நல்லமாதிரித்தான் கதைத்தார், வேறொன்று மாற்றித் தருவதாகவும் சொன்னார். கட்டி வைத்திருந்தவற்றைப் போன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மேற்பக்க ஒட்டு வரிவரியாக அழகாக இருந்தது. அடிப்பக்கம், வளைவுக் குழாய்க்கும் சைலன்சரைச் சட்டத்தில் பூட்டும் தாங்கிக்கும் நடுவில் கை புகாத இடத்தில், உருண்டை உருண்டையாகக் கட்டி தட்டி, நடுவில் கறுப்புக் கோடு. அதாவது தகடு உருகிச் சேரவில்லை, மேலே உலோகம் வழிந்து கிடக்கிறது. மாற்றி எடுத்தாலும் இதேதான் என்று விளங்கியதால், என்னுடையதையே சரிசெய்யலாம் என்று திரும்பிவிட்டேன். கடையில் காசைத் திருப்பித் தருகிறார்கள் என்றால் வாங்கிக்கொள்வதுதான் நல்லது. கிரைண்டர் பட்டுவிட்டால் பிறகு எந்தக் கடையும் திருப்பி எடுக்காது, அதனால் அந்த முடிவை முதலிலேயே எடுக்கவேண்டும்.

இனி ஓட்டையைச் சரியாகக் கண்டுபிடிக்கவேண்டும். ஒயில் வடிந்த இடம் எப்போதும் ஓட்டை இருக்கும் இடம் இல்லை, மேலிருந்து ஓடிவந்தும் கீழே சொட்டும். பழைய சைக்கிள் டியூப்பை வால்வோடு சேர்த்து வெட்டி, ஒரு முனையை மடித்துக் கட்டி, மறுமுனையைக் குழாயின் வாயில் மாட்டிக் கிளிப் போட்டு இறுக்கினேன். பின்வாயைத் தடித்த ரப்பர் துண்டால் அடைத்தேன். பிறகு சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று. இந்தத் தகடு ஒரு மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும், அதனால் 3 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றக்கூடாது, அவ்வளவே போதும். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலக்கி பிரஷ்ஷால் மூட்டைச் சுற்றிப் பூசினேன்.

நான் சந்தேகப்பட்ட இடத்தில் நுரை வந்தது. பொடிப்பொடியாக, ஒன்றோடொன்று ஒட்டிய ஊசித்துளைகள். ஆனால் அங்கிருந்து இரண்டு விரல் தள்ளி, தாங்கி இருக்கும் பக்கத்தில், ஒட்டின் ஓரமாக ஒரே வரிசையில் மிக மெல்லிய குமிழ்கள் வந்துகொண்டிருந்தன. அது துளை இல்லை, வெடிப்பு. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நுரையைக் கழுவிக் காயவைத்து, துணியில் மண்ணெண்ணெய் தொட்டு அந்த ஓரத்தில் தேய்த்து, நன்றாகத் துடைத்துவிட்டு, சோக்கட்டியைத் தூளாக்கித் தூவினேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தூளில் தலைமுடி அளவில் ஒரு ஈரக்கோடு எழுந்து வந்தது. வெடிப்புக்குள் போன மண்ணெண்ணெயைத் தூள் உறிஞ்சி எடுக்கிறது. மிகப் பழைய முறை, காசு செலவில்லை, வெடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் துல்லியமாகக் காட்டும். இரண்டு முனையையும் உடனே ஆணியால் கீறி அடையாளம் வைத்தேன்.

ஊசித்துளைக்குக் காரணம் அழுக்குத் தகட்டில் ஒட்டியது. ஆனால் வெடிப்பு? ஓட ஆரம்பித்த உடனே ஒரு புதுக் குழாய் ஏன் வெடிக்கவேண்டும்? சைலன்சரை மறுபடி பைக்கில் வைத்து, முன்வாயை மட்டும் நட்டுப் போட்டு விட்டுப் பார்த்தபோது விடை கிடைத்தது. பின் தாங்கியின் துளையும் சட்டத்தின் துளையும் நேர் பார்த்தாலும், நடுவில் ஒரு சின்ன விரல் நுழையும் இடைவெளி. முதலில் பூட்டிக்கொடுத்த கராஜில் அந்த இடைவெளியை நீள போல்ட்டால் இழுத்து நெருக்கிப் பூட்டியிருக்கிறார்கள். குழாய் அப்போதிலிருந்து வளைந்த நிலையில்தான் நிற்கிறது. அந்த இழுவை முழுவதும் வந்து உட்காருவது முன் மூட்டில். அதற்கு மேல் எஞ்சினின் அதிர்வும் சூடும். நல்ல ஒட்டாக இருந்தாலே அந்த இழுவையில் நீண்டகாலம் நிற்பது கஷ்டம். புது சைலன்சர் பூட்டும் எல்லோரிடமும் இந்த ஒன்றைத்தான் சொல்லுவேன்: போல்ட்டை இறுக்கித் துளையை நெருக்காதீர்கள். கையால் வைத்தால் தானாக உட்காரவேண்டும். உட்காராவிட்டால் இடைவெளிக்கு வளையம் வைக்கவேண்டும்.

வெல்டிங்குக்கு கொழும்பு கிராண்ட்பாஸ் பக்கம், நானா என்று நான் கூப்பிடும் வெல்டிங்காரர் ஒருவரிடம் போனேன். தகட்டு வேலையில் கை தேர்ந்தவர், ஆகன் வாயுவில் ஒட்டும் டிக் (TIG) வெல்டிங் மெஷினும் வைத்திருக்கிறார். அங்கே போவதற்குமுன் இரண்டு பேர் கேஸில் பித்தளை வைத்து ஒட்டித் தரலாம் என்றார்கள். பித்தளை ஒட்டும் கசிவை நிறுத்தும்தான், ஆனால் சிலிண்டருக்கு இவ்வளவு பக்கத்தில், இந்தச் சூட்டிலும் அதிர்விலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், பித்தளை ஓடிய இடத்தில் பிறகு இரும்பு வெல்டிங் நிற்காது. பித்தளையிலுள்ள செம்பும் துத்தநாகமும் உருகி இரும்பின் மணிகளுக்கு நடுவில் புகுந்து, புது ஒட்டையே வெடிக்க வைக்கும். பேஸ்ட்டும் அப்படித்தான். ஒருமுறை பூசினால் அதைச் சுரண்டி எடுக்கும்வரை நல்ல ஒட்டு கிடையாது. வெல்டிங் பண்ணும் எண்ணம் இருந்தால் முதலில் வெல்டிங்தான் பண்ணவேண்டும்.

நானாவிடம் கொடுப்பதற்குமுன் சுத்தம் செய்யும் வேலையை நானே வீட்டில் முடித்தேன். உள்ளே கொதிநீரும் பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றிக் குலுக்கி, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன். உள்ளே பெற்றோலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவிவிட்டு வெல்டிங்குக்குக் கொண்டுபோவது மிக ஆபத்து. மூடிய பாத்திரத்துக்குள் ஆவி நின்றால் முதல் பொறியிலேயே வெடிக்கும். வெளிப்பக்கத்துக்கு அசிட்டோன். சில பிரேக் கிளீனர்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். அதைத் தெளித்த இடத்தில் வெல்டிங் பிடித்தால் நச்சு வாயு உண்டாகும், அந்த டின்னை இந்த வேலைக்குப் பக்கத்திலேயே கொண்டுவரக்கூடாது.

பிறகு குரோம். குரோம் பூச்சின் மேலே ஒட்டவே கூடாது. ஒட்டும் கெடும், வரும் புகையும் நெஞ்சுக்குக் கேடு. மூட்டின் இரண்டு பக்கமும் ஒன்றரை சென்ரிமீற்றர் அளவுக்கு, மஞ்சள் கலந்த நிக்கல் பூச்சும் போய் இரும்பின் சாம்பல் நிறம் தெரியும்வரை நானா கிரைண்டரில் எடுத்தார். முகமூடி போட்டு, வாசலில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்றுதான் செய்தார். பழைய ஒட்டில் கட்டி தட்டியிருந்த பகுதியை முழுதாக வெட்டி எடுத்தபோது உள்ளே கறுப்புக் கசடு தெரிந்தது. வெடிப்பின் இரண்டு முனையிலும், நான் வைத்த அடையாளத்துக்குக் கொஞ்சம் தள்ளி, 2 மில்லிமீற்றர் பிட்டால் துளை போட்டோம். வெடிப்பின் கூர்முனையில்தான் இழுவை குவிந்து மேலும் கிழிக்கும். வட்டத் துளை வந்தால் அந்தக் கூர்மை போய்விடும். துளையையும் சேர்த்தே பிறகு ஒட்டிவிடலாம்.

வெல்டிங் பிடிக்கத் தொடங்கும்போது நானா செய்த முதல் வேலை, அந்தப் புழுக்கத்திலும் ஃபேனை நிறுத்தியது. ஆகன் வாயு மெல்லியதாக வந்து உருகும் இரும்பை மூடி நிற்கவேண்டும், ஃபேன் காற்றுப் பட்டால் மூடி கலைந்து ஒட்டு முழுக்கத் துளை விழும். ஒரு மில்லிமீற்றர் தகட்டுக்கு 40 அம்பியர் அளவு, 1.6 மில்லிமீற்றர் இரும்புக் கம்பி. முதல் சொட்டு விழுந்ததும் உருகிய இரும்பு பளபளவென்று நிற்காமல் கொதிக்கிற மாதிரிப் பொங்கியது. ஓரத்தில் ஒரு கறுப்பு வளையம். கையை எடுத்துவிட்டார்.

"தம்பி, உள்ளுக்கு இன்னும் ஒயில் இருக்கு. அது போற வரைக்கும் ஒட்டு புடிக்காது."

"நானா, நான் நல்லாக் கழுவித்தானே கொண்டு வந்தேன்?"

"நீங்க கழுவினது சரி. இது ரெண்டு தகட்டுக்கும் நடுவுல இருக்கிற ஒயில். தண்ணி அங்க போகாது."

அவர் சொன்னது சரிதான். வளைவுக் குழாய் வயிற்றுத் தகட்டுக்குள் கொஞ்சம் புகுந்து நிற்கிறது. அந்த இரண்டு தகட்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய சந்தில் ஒயில் தங்கியிருக்கிறது. சூடு பட்டதும் அது ஆவியாகி உருகிய இரும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. தொழிற்சாலையில் ஊசித்துளை விழுந்ததும் இப்படித்தான் இருக்கவேண்டும். தகட்டை வளைக்கும்போது பூசும் ஒயிலைச் சரியாக எடுக்காமலே ஒட்டியிருப்பார்கள். நானா அந்தச் சொட்டை மறுபடி கிரைண்டரில் எடுத்துவிட்டு, கேஸ் விளக்கால் மூட்டைச் சுற்றி மெதுவாகச் சூடு காட்டினார். சந்திலிருந்து நீலப் புகை ஒழுகியது. புகை நிற்கும், ஆறவிட்டு அசிட்டோன் துணியால் துடைப்பார், மறுபடி சூடு காட்டுவார், மறுபடி கொஞ்சம் புகை. புகையே வராத நிலை வரும்வரை பொறுமையாக இதையே செய்தார். வேலை முழுவதிலும் அதிக நேரம் போனது இதற்குத்தான். அவர் இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டிருந்தால் பணம் கொடுத்து இன்னொரு கசிவு வாங்கியிருப்பேன்.

அதன்பிறகு வைத்த சொட்டு கண்ணாடி போல நின்றது. ஒரே இழுப்பில் சுற்றாமல், ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் பிடித்தார், குழாய் சூட்டில் ஒரு பக்கமாக இழுபடாமல் இருக்க. கைக்கு எட்டாத அந்த அடிப்பகுதிக்கு சைலன்சரையே தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, வெல்டிங் கைப்பிடியின் பீங்கான் மூக்கைச் சின்னதாக மாற்றி உள்ளே நுழைத்தார். தொழிற்சாலையில் விட்டுப்போன இடம் அதுதான் என்பதால் அந்த இடத்துக்கு நானும் குனிந்தே நின்றேன். கறுப்புக் கோடு இல்லை, இரண்டு தகட்டிலும் உருகி ஏறிய ஒரே வரி. ஆறுவதற்குத் தண்ணீர் ஊற்றவில்லை. தானாக ஆறவிட்டார்.

மறுபடி டியூப்பும் பம்பும். இந்தமுறை பேசினில் தண்ணீர் நிரப்பி மூட்டை முழுதாக அமிழ்த்திப் பார்த்தேன். ஒரு குமிழும் இல்லை.

குரோம் போன இடத்தைச் சும்மா விட்டால் கொழும்பின் உப்புக்காற்றில் மறுநாளே செம்மஞ்சள் பூத்துவிடும். அன்றே 600 பாகை செல்சியஸ் தாங்கும் சிலிக்கோன் பெயின்ட்டை மெல்லியதாக இரண்டு பூச்சு அடித்தேன். அந்தப் பெயின்ட் காய்ந்தால் மட்டும் போதாது, சூட்டில் வேகவேண்டும். முதலில் கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் ஓடவிட்டு ஆறவிட்டு, பிறகு ஒழுங்கைக்குள் ஒரு சுற்று, பிறகுதான் நீள ஓட்டம். குரோமுக்கு நடுவில் கறுப்புப் பட்டி பார்க்க அழகு இல்லைதான். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

தாங்கி இடைவெளிக்கு லேத் கடையில் அளவுக்கு ஒரு இரும்பு வளையம் கடைந்து எடுத்தேன். பூட்டும் ஒழுங்கு இதுதான்: புது கஸ்கட் வைத்து முன்வாய் நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றுவது, பின் தாங்கியில் வளையத்தோடு போல்ட்டைத் தளர்வாகப் போடுவது, சைலன்சரைக் கையால் அசைத்துத் தன்பாட்டில் உட்காரவிடுவது, பிறகு முன்வாயை இரண்டு பக்கமும் சமமாக இறுக்குவது, கடைசியில் பின்பக்கம். பின்பக்கத்தை முதலில் இறுக்கினால் முன்வாய் கோணலாகத்தான் உட்காரும். ஒருமுறை ஓடி முழுதாக ஆறியபின் முன்வாயை மறுபடி ஒரு இறுக்கு இறுக்கவேண்டும், புது கஸ்கட் சூட்டில் அமுங்கிவிடும்.

'சட் சட்' போய்விட்டது. களனிப் பாலத்து ஏற்றத்தில் முன்பு இரண்டாம் கியருக்கு இறங்கிய இடத்தில் இப்போது மூன்றாம் கியரிலேயே இழுக்கிறது. மூட்டுக்குக் கீழே வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால் தூசிதான் வருகிறது, ஒயில் இல்லை. பின்வாயில் உள்ள, சத்தத்தை அடக்கும் பஃபிள் குழாயின் போல்ட் மட்டும் மரை இளகியது மாதிரி இருக்கிறது. அதற்கு இப்போதைக்கு ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கிறேன், அடுத்தமுறை கரி எடுக்கக் கழற்றும்போது மரையையும் புதிதாக வெட்டவேண்டும்.